ரெஜிஸ், யு.எஸ்.ஏ.

“வீட்டுக்கு வந்துடுறேம்பா. ஒளிஞ்சு ஒளிஞ்சு வாழ முடியலை” என்றான் ரெஜிஸ் போனில்.

மறுமுனையில் அப்பா பெனடிக்ட், திருச்சி தில்லை நகரில் பாதிப் பேருக்கு புத்தி சொல்லும் ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், தொண்டையைச் செருமினார்.

“விசா முடிஞ்சும் அமெரிக்காவுல அஞ்சு வருஷம் ஒளிஞ்சிருந்தவனுக்கு, தங்கச்சி கல்யாணம் முடியற வரைக்கும் பொறுக்க முடியாதோ? பத்திரிகையில ‘ரெஜிஸ், யு.எஸ்.ஏ.’ன்னு அச்சடிச்சாச்சுடா!”

“அம்மாவை மட்டுமாவது ஒரு தடவை…”

“உங்கம்மா வாயில எதுவும் நிக்காது. ஞாயித்துக்கிழமை பூசை முடியறதுக்குள்ள நம்ம சர்ச் பங்கு ஜனத்துக்கெல்லாம் தெரிஞ்சிடும்.”

“நான் பத்திரமா திரும்பணும்னு தினம் ஜெபமாலை சொல்றாங்களாமே?”

“சொல்லட்டும். ஜெபம் வீண் போகாது.”

ரெஜிஸ் வாயைத் திறப்பதற்குள் தெருவில் ஒரு கண்டக்டர், “சத்திரம், சத்திரம்!” என்று கூவினார்.

“முதல்ல ஜன்னலைச் சாத்துடா! சாயந்திரம் மாப்பிள்ளை வீட்டார் உன்கூடப் பேசறப்ப இது கேட்டா, என் மானம் கப்பலேறிடும்.”

ரெஜிஸ் சாத்தினான். அமெரிக்கா அவனைக் கைவிலங்கு மாட்டித் திருப்பி அனுப்பி மூன்று வாரமாகிறது. பங்கு மக்கள் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று, ஸ்ரீரங்கம் கோயில் பக்கமாகப் பார்த்து இந்த லாட்ஜில் ரூம் பிடித்துக் கொடுத்தவர் அப்பாதான்.

அம்மா இருக்கும் வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்.