தட்டைக் கழுவினது யாரு?

"இந்தத் தட்டைக் கழுவினது யாரு? அவங்களை வெளியே வரச் சொல்லுங்க!"

மாமியார் போட்ட சத்தத்தில் ஓட்டலே திரும்பிப் பார்த்தது. மருமகளுக்கு மானம் போயிற்று.

கல்யாணமாகி, கணவனின் ஊருக்கு அவள் வந்தது இதுதான் முதல் தடவை. பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அவனுக்கு வாய் ஓயவில்லை.

"இந்தக் கடையில செருப்பு வாங்கினா பலூன் தருவாங்க. அதோ, அந்த ஐஸ்கிரீம் கடையில பிறந்தநாள்னு சொன்னா ஒரு கப் ஓசி. எனக்கு மாசாமாசம் பிறந்தநாள் வரும்!"

எல்லா ஊரிலும் கிளை வைத்திருக்கிற கடைகள்தான். அவனுக்கு என்னவோ அவையெல்லாம் இந்த ஊரிலேயே முளைத்த மாதிரி.

கடைசியாக இந்த ஓட்டல். இதுவும் ஊருக்கு ஊர் இருப்பதுதான். அதே சிவப்பு சோபா, வாசலில் அதே தொப்பி போட்ட கோழி பொம்மை.

"ஸ்கூல் விட்டா நேரா இங்கேதான் வருவேன்" என்று பூரித்துப் போனான்.

மாமியார் மட்டும் வாயே திறக்கவில்லை, மேஜைக்குத் தட்டு வரும்வரை.

"வேற தட்டு மாத்தித் தர்றேம்மா" என்று மேனேஜர் கெஞ்சினார்.

"தட்டு வேண்டாம். கழுவின ஆள் வேணும்."

"ஏங்க, நீங்களாவது அத்தைகிட்ட சொல்லுங்களேன்" என்று கணவனின் காதைக் கடித்தாள். குனிந்த தலையை அவன் நிமிர்த்தவே இல்லை.

"காசு கொடுத்துட்டா என்ன வேணாலும் பேசலாம்னு நெனப்பு" என்று பக்கத்து மேஜையில் ஒருவர் முணுமுணுத்தார்.

சமையலறைக் கதவு திறந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பெண் பயந்து பயந்து வந்தாள்.

"தப்பிருந்தா மன்னிச்சிடுங்கம்மா. வேலையை விட்டு மட்டும் எடுக்கச் சொல்லிடாதீங்க."

"இந்த சோபாவுல என்னைக்காவது உக்காந்திருக்கியா?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "நானா? நாங்க வர்றது, போறது எல்லாம் பின்வாசல்தாம்மா."

"தெரியும். நானும் அந்த வாசல்லதான் வந்து போனேன். உள்ள நின்னு தட்டு கழுவித்தான் இவனைப் படிக்க வெச்சேன்."

மருமகள் கணவனைப் பார்த்தாள். ஊர்க் கதையெல்லாம் சொன்னவன் இதை மட்டும் சொல்லவில்லை. முகம் சிவந்துபோய் எழுந்தவன், தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டி, "உக்காருங்கக்கா" என்றான்.

அந்தப் பெண் தயங்கினாள். மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ... தட்டுல என்ன குறைம்மா?"

"குறையா? முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளன்னு இருக்கு! ஆனா நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா, இவளை முன்பக்கம் விட்டிருப்பீங்களா? போய் இன்னொரு மெனு கார்டு கொண்டாங்க, இவதான் இன்னைக்கு என் விருந்தாளி!"