திங்கட்கிழமை மனுதாரர்

"இன்னிக்கி இன்னா பேப்பர் கொறையுது, சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே வந்து நின்றான் தேவசகாயம்.

சம்பூர்ணம் தலையை நிமிர்த்தாமல் ஃபைலைப் புரட்டினாள். காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் கடலோர நிலங்களுக்கான மேசை அவளுடையது. முசரவாக்கத்தில் பிறந்து வளர்ந்த அவள், கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். ஆனாலும் ஜில்லாவில் எந்தக் கரையில் யார் ஒரு கூடை மண் கொட்ட வேண்டுமானாலும் காகிதம் அவளிடம் வந்துதான் ஆக வேண்டும்.

தேவசகாயம் வேப்பஞ்சேரிக் குப்பத்தில் படகு கட்டும் தச்சன். அவன் வீட்டை ஒட்டி உப்பங்கழி. அதன் ஓரமாக இருபது சென்ட் தூர்த்துப் பட்டறைக் கொட்டகை போட அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் மண் கொட்டியாக வேண்டும். கழி பெருகிவிட்டால் தை மாதம் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"கடல் ஏத்தத் தண்ணி எதுவரைக்கும் வருதுன்னு வரைபடம் கேட்டிருந்தேனே?"

"தோ. அமாவாசைக்கி ஒருவாட்டி, பவுர்ணமிக்கி ஒருவாட்டி, குச்சி நட்டுப் பாத்து வரைஞ்சது."

வரைபடத்தில் குற்றம் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. சர்வேயர்கூட இவ்வளவு சுத்தமாக வரைந்திருக்க மாட்டார்.

"மீன் புடிக்கிறவங்க ஆட்சேபணை?"

"தண்டோரா போட்டாச்சி. ஒருத்தரும் வாய் தொறக்கல. மணியக்காரர் எழுதிக் குடுத்துட்டாரு."

"தண்ணிப் போக்கு அடைபட்டா மழைக்கி குப்பத்துக்குள்ள வெள்ளம் பூந்துடுமே?"

"பத்தடி வாய்க்கால் வுட்டுட்டுத்தான் தூர்க்கப் போறேன். என் வூடும் அங்கதானங்க இருக்குது."

சம்பூர்ணம் ஃபைலின் முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்குமாக இரண்டு தடவை போய்வந்தாள்.

"மண்ணு எங்கருந்து எடுக்கறீங்க, எத்தினி வண்டி? அதுக்கு ஒரு கணக்கு வேணும்."

"அடுத்த திங்கக்கெழம கொண்டாந்துடறேன்." அவனுக்குக் கோபமே வரவில்லை. போகும்போது செய்தித்தாளில் சுற்றிய தாழம்பூ ஒன்றை மேசை ஓரத்தில் வைத்தான். "கழியோரம் பூத்திருந்துது. வேணாம்னா ஃபைலுக்குள்ள வெச்சிக்கிங்க. பூச்சி வராது."

அவன் தலை மறைந்ததும் ஹெட் கிளார்க் மயில்வாகனம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் புள்ளய ஏம்மா இப்பிடி அலைய வுடறே? ரெண்டு பஸ் மாறி வந்துக்கினு இருக்கான்."

"ரூல்ஸ் அப்படி இருக்குது சார்."

"திங்கக்கெழம ஆனா ரூல்ஸும் நெறையா வருது, நல்ல பொடவையும் வருது" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சம்பூர்ணத்துக்கு முகம் சுட்டது. அவர் அவளுடைய டிராயரைத் திறந்தால் தெரிந்துவிடும். கலெக்டர் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. மனுதாரருக்கு அனுப்ப வேண்டிய உத்தரவு அடியில் கிடந்தது. அதைத் தபாலில் சேர்த்துவிட்டால் அவன் இந்தப் படியேற வேலை இல்லை. இன்னும் ஒரே ஒரு திங்கட்கிழமை என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப் போட்டாள். செய்வது திருட்டுத்தனம் என்று அவளுக்கே தெரியும். ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறோமே என்று வானத்தைப் பார்க்கும்போதெல்லாம் டிராயரைத் திறந்து திறந்து மூடினாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையிலேயே மேகம் கூடிவிட்டது. மண் கணக்கோடு வந்து நின்றான் தேவசகாயம். அவன் வாயைத் திறப்பதற்குள் உறையை எடுத்து நீட்டினாள்.

"உத்தரவு ஆயிடுச்சிங்க. நாலு வாரமா எங்கிட்டதான் இருந்துது. நான்தான் அனுப்பாம வெச்சிருந்தேன். மேல புகார் எழுதிக் குடுத்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கத்துவான் என்று நினைத்தாள். அவனோ உறையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. முகம் மட்டும் சுண்டிப் போயிற்று.

"அப்ப இனிமே நான் வர வேண்டியதில்லீங்களா?"

"வேண்டியதில்லீங்க."

மண் கணக்கை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வெட்கத்தை விட்டுச் சொல்லியிருப்பாள். மனசு வெறுத்துப் போய்விட்டான் போலிருக்கிறது. அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலத் தபாலில் வந்த காகிதம் ஒன்றை மயில்வாகனம் அவள் முன்னால் வைத்தார்.

"உன் வேப்பஞ்சேரி கேசு. தாலுகா ஆபீஸ்லருந்து ரிப்போர்ட் வந்திருக்குது. ஃபைல மூடிடலாமாம்மா?"

தாலுகாவுக்குப் போகிற உத்தரவோடு மனுதாரருக்கென்று தனியாக இன்னொரு நகலும் போகும், மணியக்காரர் அதை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார் என்பது, வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதமான சம்பூர்ணத்துக்குத் தெரியாது. பிரித்துப் படித்தாள். மனுதாரர் வாய்க்காலுக்கு இடம் விட்டு முழு இடத்தையும் தூர்த்துவிட்டாராம், கொட்டகைக்குக் கால்கூட நட்டாகிவிட்டதாம். கீழே, 'உத்தரவு பெற்றுக்கொண்டேன்' என்று தேவசகாயத்தின் கையெழுத்து. தேதி 10-9-70.

இன்றைக்கு அக்டோபர் ஐந்து. உத்தரவை வீட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டு, வரைபடம், தண்டோராச் சான்று, மண் கணக்கு என்று ஏதாவது ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு திங்கட்கிழமை பஸ் ஏறி வந்திருக்கிறான் அந்த மனுஷன்.