இறந்தவரைத் தெரிந்தவர்

சைரன் சத்தம் நெருங்கியதும் அவன் பிடித்திருந்த கையை விட்டான்.

பனியில் கிடந்த தவரூபனின் விரல்கள் மடங்கியபடியே நின்றன. இன்னும் எதையோ பிடித்திருப்பது போல.

பேக்கரியில் காலை வேலை முடித்து இருவரும் அறைக்கு வந்துகொண்டிருந்தார்கள். பாதசாரிக் கடவையில் தவரூபன் முதலில் இறங்கினான். வெள்ளைக் கார் நிற்கவில்லை. அடித்த பிறகும் நிற்கவில்லை.

அவன்தான் அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தான். இடத்தைச் சொன்னான். பெயர் கேட்டார்கள். வைத்துவிட்டான்.

இருவரிடமும் விசா இல்லை.

பொலிஸிடம் பேச வருகிறவர் யாராக இருந்தாலும், வெறும் சாட்சி என்றாலும், முதலில் விசாவைக் காட்ட வேண்டும் என்று ஒரு சட்டமூலம் வந்திருந்தது. பொதுமக்களின் பாதுகாப்புக்காகவாம். பாராளுமன்றத்தில் இன்னும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. அவர்களுடைய அறையில் அது எப்போதோ நிறைவேறிவிட்டது.

தவரூபனின் உதடு அசைந்தது.

“போ…”

அவன் எழுந்து வீதியைக் கடந்தான். பஸ்ஸுக்கு நின்றவர்களோடு தானும் ஒருவனாக நின்றான்.

போகாதை என்பதும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. அங்கே போய் நின்ற பிறகுதான் அது உறைத்தது.

ஒரு பொலிஸ்காரன் வீதியைக் கடந்து வந்தான். இந்த ஆளை யாருக்காவது தெரியுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டான்.

அவனிடமும் கேட்டான்.

தெரியாது என்று அவன் தலையசைத்தான்.

நான்கு வருடம் ஒரே அறை. ஒருவன் காய்ச்சலில் கிடந்தால் மற்றவன் இரண்டு பேருடைய வேலையையும் பார்த்தான்.

மாலைச் செய்தியில் முதலில் சட்டமூலம் பற்றிச் சொன்னார்கள். அடுத்த வாரம் வாக்கெடுப்பு. பிறகு, சுமார் முப்பது வயது மதிக்கத்தக்க, அடையாளம் தெரியாத ஆண் ஒருவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டார் என்றார்கள். காரைத் தேடுகிறார்களாம்.

அவன் தொலைக்காட்சியை நிறுத்தினான். எதிர்க் கட்டிலில் போர்வை காலையில் உதறிய மாதிரியே கிடந்தது.

மூன்றாம் நாள் ஊரிலிருந்து, வட்டக்கச்சியிலிருந்து, தவரூபனின் அம்மா போன் எடுத்தார்.

“தம்பி, மூண்டு நாளா அவன்ரை போன் வேலை செய்யேல்லை. எனக்கு அங்கை வேறை ஆரைத் தெரியும்? உனக்கெண்டால் தெரிஞ்சிருக்கும்.”

விசாரித்துச் சொல்கிறேன் அம்மா என்றான்.

முகம் வழித்தான். இருந்ததில் நல்ல சேர்ட்டைப் போட்டுக்கொண்டான். பொலிஸ் நிலையம் வரைக்கும் நடந்தே போனான்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அவன் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு ஒரு படிவத்தை நீட்டினாள்.

இறந்தவரின் பெயர். எழுதினான். பிறந்த ஊர். தாயின் தொலைபேசி இலக்கம். கண்ணை மூடினாலும் கண்ணுக்குள் நின்ற அந்தக் கார் இலக்கம். எல்லாம் எழுதினான்.

கடைசி வரியில் தகவல் தருபவரின் பெயரும் முகவரியும் கேட்டிருந்தது.

பேனா அங்கே கொஞ்சநேரம் நின்றது.

பிறகு முழுப் பெயரையும் எழுதினான். தகப்பன் பெயரோடு.

அவள் படித்தாள். அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். உட்காரச் சொல்லிவிட்டுப் படிவத்தோடு உள்ளே போனாள்.

வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

அவன் அதைத் தாண்டிப் போய், உள்ளே சுவரோடு கிடந்ததில் உட்கார்ந்தான்.