ரெண்டு வண்டியும் இடப்பக்கம்

"காத்து திரும்பிடுச்சு, தலைவரே."

இனெஸ் சொல்வதற்கு முன்பே வின்கோ பார்த்துவிட்டார். அதுவரை குன்றின் முகட்டில் நிமிர்ந்து நின்ற புகை கடல் பக்கம் சாய்ந்திருந்தது. பைன் மரங்கள் பட்டாசு மாதிரி வெடித்தன.

கடலைப் பார்த்த இடப்பக்கச் சரிவில் பதினோரு வீடுகள். வலப்பக்கச் சரிவில் ஒரே ஒரு வீடு. வின்கோவின் வீடு.

இரண்டு பக்கத்து ஆட்களையும் மதியமே படகில் ஏற்றி அனுப்பியாயிற்று. இந்தக் காற்றில் அக்கரையில் ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து தீயணைக்கும் மஞ்சள் விமானம் வராது. வந்தாலும் கடலில் இறங்கித் தண்ணீர் அள்ள முடியாது. தீவில் இருப்பது இரண்டு தண்ணீர் வண்டிகள்தான்.

தீவின் தீயணைப்புப் படையில் ஒரு விதி உண்டு. யார் வீட்டுப் பக்கம் தீ திரும்புகிறதோ அவர் கட்டளை போடக் கூடாது. வாக்கி டாக்கியைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். முந்தைய தலைவர் இரண்டு வண்டியையும் தன் திராட்சைத் தோட்டத்துக்கே ஓட்டிப்போன வருஷம், வின்கோதான் அதை எழுதிச் சுவரில் மாட்டினார்.

இருபத்திரண்டு வருஷமாக வாக்கி டாக்கி அவர் தோளிலேயே கிடந்தது. "குளிக்கறப்பவாவது கழட்டுவாரா?" என்று வண்டியோட்டி பெரோ கேட்பான். "பிளாஸ்டிக் பையில சுத்தி மாட்டிக்குவார்" என்று யாராவது சொல்வார்கள்.

இப்போது பெரோதான் கையை நீட்டினான்.

"குடுங்க தலைவரே. விதி உங்களுதுதானே."

வின்கோ கழற்றினார். நீட்டிய அந்தக் கையைத் தாண்டி, இனெஸிடம் கொடுத்தார்.

"அவளா?" என்றான் பெரோ.

"அவதானே துணைத்தலைவி. உனக்கென்ன?"

பெரோ நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

இனெஸ் பொத்தானை அழுத்திவிட்டு முகட்டைப் பார்த்தாள். பேசு, பேசு என்று வின்கோவின் உதடு அசைந்தது.

"ஒரு வண்டி அங்க, ஒரு வண்டி இங்கன்னு பிரிச்சு..." என்று வின்கோ ஆரம்பித்தார்.

"நீங்க இப்போ குழாய் பிடிக்கற ஆளு, தலைவரே."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ரெண்டு வண்டியும் இடப்பக்கம். வலப்பக்கத்தை விட்டுடுங்க."

விட்டுடுங்க. அவ்வளவுதான்.

அவரால் ஒரு வார்த்தை குறை சொல்ல முடியவில்லை. இந்தக் காற்றில் வண்டியைப் பிரித்தால் எந்தப் பக்கமும் மிஞ்சாது. அவரே பயிற்சியில் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியதுதான்.

இடப்பக்கத்து முதல் வீட்டின் கல்சுவரை நனைத்துக்கொண்டு நின்றார். தன் வீட்டுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டியிருந்தது. முதுகு சுட்டது.

சத்தங்கள் வந்தன. கண்ணாடி வெடித்தது: முன்னறை. ஓடுகள் சரிந்தன: மாடி. பிறகு படபடவென்று ஒரு சத்தம். செத்துப்போன மனைவி நெவென்கா கல்யாணமாகி வந்த வருஷம் நட்ட அத்திமரம் இருக்கும் மூலை அது.

ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கை தோளுக்குப் போனது. கட்டைவிரல் அங்கே இல்லாத பொத்தானை அழுத்தியது.

திடீரென்று கத்தினார்.

"கேஸ்! சமையலறையில சிலிண்டர் இருக்கு! வெடிச்சா இங்க நிக்கற ஆளும் போயிடும்!"

இனெஸ் அப்போதுதான் முதல் முறையாகத் திரும்பினாள். முகமெல்லாம் கரி. கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு வெளுத்திருந்தது.

"இல்ல. காலையில நான் வீட்டுலேர்ந்து கிளம்பறப்பவே கழட்டிக் கொண்டுபோய்ப் படகுத்துறையில வெச்சுட்டேன், அப்பா."

வேலையில் இருக்கும்போது அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

பெரோ குனிந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். எரிவது அவள் பிறந்த வீடும்தான். விதிப்படி வாக்கி டாக்கி அவன் கைக்குத்தான் போயிருக்க வேண்டும். அது தெரிந்தும், மகள் ஒரு வண்டியாவது வீட்டுப் பக்கம் அனுப்புவாள் என்றுதான் வின்கோ அவனைத் தாண்டினார்.

"இனெஸ், உன்னோட ரூமு..."

அவள் மறுபடி முகட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தாள்.

"தண்ணி சுவத்துல படல, தலைவரே. குழாயை நிமித்திப் பிடிங்க."