சுத்தபத்தம்

பக்கத்து வீட்டு ஜிசெலின் கணவர் மான் வேட்டைக்காரர். அதனால் மகளோடு வந்த வீராசாமி வாசலிலேயே கேட்டுவிட்டார்.

“மதாம், என் பொண்ணு சாரதா இங்க விளையாடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். துப்பாக்கி எங்க இருக்கு?”

ஜிசெல் கோபப்படவில்லை. பூட்டிய இரும்புப் பெட்டியையும் கழுத்தில் தொங்கிய சாவியையும் காட்டினாள்.

“உங்க வீட்டுல எப்படி, மிஸ்யே? என் பையன் ஜான்-போல் தினமும் அங்கதானே விளையாடறான்.”

“நாங்க சைவம், மதாம். எங்க வீட்டுல துப்பாக்கி எதுக்கு?”

“சாமி ரூம்ல, முருகன் படத்துக்குப் பின்னால இருக்கேப்பா,” என்றாள் சாரதா.

போர்ட் லூயிஸ் கலவரத்துக்குப் பயந்து வாங்கியது. குளிக்காமல் யாரும் தொடமாட்டார்கள் என்றுதான் அங்கே வைத்திருந்தார்.

தலைகுனிந்து நின்ற அப்பாவைப் பார்த்து அவள் அவசரமாகச் சொன்னாள்.

“நானும் ஜான்-போலும் குளிச்சிட்டுத்தாம்ப்பா எடுத்தோம்!”