குசினிக்காரரின் வரிசை

அப்பாவின் வரிசைக்கு இன்னும் இரண்டு வரிசை இருந்தது. அவள் கைகளை எண்ணுவதை நிறுத்தவில்லை.

மண்டபம் முழுக்கக் கைகள். கம்பியில் தொங்கி மலையேறும் புதிய கம்பிவண்டிக்கு ஆம் என்கிற கைகள்.

சுவிஸில் அந்த மலைக் கிராமத்தில் இன்னும் இப்படித்தான். பெட்டி கிடையாது, சீட்டு கிடையாது. ஊர் கூடும், கையைத் தூக்கும். யார் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மறுநாள் எல்லோரும் ஒரே பேக்கரியில் பாண் வாங்கியாக வேண்டும்.

பனிச்சறுக்குத்தளத்தில் கூட்டம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைமேலே போக வரிசையில் நின்றே கால் விறைத்துவிடும். அது பொய்யில்லை. அதற்காகப் பின்பள்ளத்தாக்கிலும் கம்பிவண்டி விட வேண்டுமாம். அங்கேயும் கூட்டம் சேர்ந்தால் பிறகு எங்கே விடுவீர்கள் என்று, கை தூக்குமுன் அவள் எழும்பிக் கேட்டாள்.

சிலர் இருமினார்கள்.

பின்பள்ளத்தாக்கில், பனிக்குள் குழி பறித்து உறங்கும் காட்டுக்கோழிகள் இருந்தன. சறுக்குக்கட்டைகளைத் தோளில் சுமந்து நடந்தே ஏறும் சில பைத்தியங்களும் இருந்தார்கள். அவளும் அதில் ஒருத்தி.

சறுக்குத்தளத்துக்குச் சீட்டு வாங்க அப்பாவால் ஒருநாளும் முடிந்ததில்லை. அதனால் அவளைப் பின்பள்ளத்தாக்குக்குத்தான் கூட்டிப்போனார். அங்கே யாரும் சீட்டுக் கேட்பதில்லை. அதுவும் போய்விட்டால் இந்த நாட்டில் தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு ஓரிடம் இல்லை.

எதிர்த்துப் பேசியவளையே மண்டபத்தின் ஒரு பாதிக்கு வாக்கெண்ண நிறுத்தினார் ஊர்த் தலைவர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள், இவள் எண்ணினால் பிறகு ஒருவரும் வாய் திறக்க முடியாது என்றார். கெட்டிக்காரன். ஊர் கைதட்டியது. அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, அந்தக் கண்றாவியையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பாவின் வரிசை வந்தது.

ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்யும் மூன்று பேர். அப்பா, தவராசா மாமா, குணாளன் அண்ணை. மூவரும் பிரஜாவுரிமை எடுத்தவர்கள். கூட்டத்துக்கென்று சட்டையை ஸ்திரி போட்டு வந்திருந்தார்கள். அவர்களுக்கு நேர் பின்னால், சுவரோரமாக முதலாளி ரூடி ஒரு கையைத் தூக்கியபடி நின்றார். கம்பிவண்டி வந்தால் ஹோட்டலுக்கு இன்னொரு மாடி எழும்பும்.

குசினிக்காரர் மூவரின் கைகளும் மேலே இருந்தன.

பின்பள்ளத்தாக்கைத் தொட விடக்கூடாது என்று காலையில்கூடச் சொன்ன மனிதர், அப்பா.

அப்பா அவளைப் பார்த்தார். சாடையாகச் சிரிக்கவும் செய்தார்.

விற்றதும் விற்று, சிரிப்பு வேறு.

எண்ணாமல் தாண்டிப் போகலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஒவ்வொரு கைக்கும் நேரே விரலை நீட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. அப்பாவின் கைக்கு மட்டும் விரலைக் கொஞ்சம் கூடுதல் நேரம் நீட்டி வைத்திருந்தாள்.

பிறகு, வேண்டாம் என்கிற கைகள்.

குசினிக்காரர் மூவரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

தலைவர் முடிவை வாசித்தார். இரண்டே இரண்டு கை கூடுதலாகக் கம்பிவண்டி வென்றது.

குளிர்ச்சட்டைகள் தொங்கும் நடைவழியில் தவராசா மாமா அவள் முகத்தைப் பார்க்காமல் போனார். குணாளன் அண்ணையும் போனார். அப்பா மட்டும் தொப்பியை உருட்டிக்கொண்டு நின்றார். அவள் அவரைக் கடந்து வாசலுக்கு நடந்தாள்.

"எங்களையுமோ பிள்ளை எண்ணினனீ?"

அவள் நின்றாள்.

"ரூடி பின்னால நிண்டவனெல்லே. அவனுக்குக் காட்டத்தான் தூக்கினது. நீதானே எண்ணுறாய், எங்கட வரிசையை விட்டிடுவாய் எண்டு மூண்டு பேரும் நம்பியிருந்தம்."

கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை.

அப்போது ரூடி வெளியே வந்தார். எதிர்ப்பக்கமாக இருந்தும் ஒரு கைகூடப் பிசகாமல் எண்ணினாய், உன்னைப்போல நாலு பேர் இந்த ஊருக்கு வேண்டும் என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனதாரத்தான் சொன்னார்.

அப்பா அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார்.