வேலியைத் தட்டும் கை

"செட்ரிக் அண்ணே, கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா நில்லுங்க. இந்தத் தடவையாவது கடைசி வரைக்கும் ஓடட்டும்" என்று கெஞ்சினான் டால்டன்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் செட்ரிக் தகர வேலியைப் படபடவென்று தட்டிவிட்டார். டால்டன் பெருமூச்சுடன் இசைத்தட்டிலிருந்து முள்ளைத் தூக்கினான்.

கிங்ஸ்டனில் அது எழுதாத சட்டம். பாட்டு பிடித்துப்போய் யாராவது வேலியைத் தட்டினால், மறுபடி முதலிலிருந்து போட்டே ஆகவேண்டும். மறுத்தால் ஒலிபெருக்கி மிஞ்சும், ஒலிபெருக்கிக்காரன் மிஞ்சமாட்டான்.

ரேடியோவிலிருந்து வந்திருந்த யுவெட் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். செட்ரிக்கின் மகன் கெமாரின் முதல் ஆல்பம் அது. ரெகேயின் ஆடி அசைந்த தாளத்தின் மேல் ஹிப் ஹாப்பின் சரவெடிப் பேச்சு. எல்லாமே அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் முழுக்கக் கேட்காத எதையும் அவள் ஒலிபரப்பியதில்லை. கடைசிப் பாட்டோ பாதியைத் தாண்டவே மாட்டேன் என்றது.

"பாடின பையன் எங்கே?"

"முதல்ல பாட்டைக் கேளுங்கக்கா" என்றான் டால்டன்.

"எங்கே கேட்க விடறார்? ஐயா, மகன் பாட்டுக்கு அப்பாவே தட்டினா அது கணக்குல சேராது."

"வேற யாரும்மா தட்டுவா? இந்த டால்டன் போட்ட தாளத்துக்கு இவன் பெண்டாட்டியே காதைப் பொத்திக்கிறா."

"நிஜந்தான். கல்யாணத்தன்னிக்குப் பொத்தினவ, இன்னும் கையை எடுக்கல" என்றான் டால்டன்.

யுவெட் சிரிக்கவில்லை. "முதல் பாட்டுலயே பையன் சொல்றானே, இந்தக் கலவையை மீன் சூப்புல சர்க்கரைன்னு அப்பா திட்டினார்னு."

"திட்டினேன். இப்பப் பசிக்குது."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப நான் கிளம்பறேன். முடிவு தெரியாம நாளைக்கு ரேடியோவுல போட முடியாது."

செட்ரிக்கின் கை வேலிமேல் நின்றது. "போட்டா, தீவு முழுக்கக் கேட்குமா?"

"மலை உச்சி வரைக்கும்."

அவர் கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். "போடுடா."

பாட்டு ஓடியது. அவர் வழக்கமாகத் தட்டும் இடம் வந்தது. பைக்குள் விரல்கள் துடித்தன. டால்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சட்டென்று தாளம் நின்றது. ஒரு இருமல். பிறகு ஒலிபெருக்கியில் கெமாரின் சிரிப்புக் குரல்: "தொண்டை கட்டிக்கிச்சு டால்டன். மீதியை நாளைக்குப் பாடறேன்."

அப்புறம் முள் உரசும் சத்தம் மட்டும்.

"மீதி?" என்றாள் யுவெட்.

"அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியில லாரி மோதிடுச்சுக்கா" என்றான் டால்டன், தரையைப் பார்த்து.

செட்ரிக் வேலியில் சாய்ந்துகொண்டார். "நான் தட்டிக்கிட்டு இருந்த வரைக்கும் அவன் பாடிக்கிட்டு இருந்தாம்மா."

யுவெட் பையைக் கீழே வைத்தாள். வேலியருகே போய், அவர் பக்கத்தில் நின்று, தகரத்தைத் தட்டினாள்.